இருபதும் இருபதும் முப்பத்தைந்தரை

இருபதும் இருபதும் எவ்வளவு? நாற்பது என்பவர் இன்னும் மூன்றாம் வகுப்பு வாய்ப்பாட்டிலேயே உட்கார்ந்திருக்கிறார். இந்திய அரசின் கணக்கில் விடை 35.56.

விளையாட்டில்லை. ஒருவருக்குக் காதில் 20 சதவீதம் குறை, முழங்காலில் 20 சதவீதம் குறை. இரண்டும் ஒரே உடம்பில்தான் இருக்கின்றன. ஆனால் மெடிக்கல் போர்டு இரண்டையும் நம்மைப் போலக் கூட்டாது. அதற்கென்று ஒரு சூத்திரம் உண்டு. பெரிய எண்ணைத் தொண்ணூறிலிருந்து கழி, வந்ததைச் சின்ன எண்ணால் பெருக்கு, தொண்ணூறால் வகு, பிறகு பெரிய எண்ணோடு சேர். 35.56 வரும். தகுதிக்கு வேண்டியது 40. ஆக, காதும் காலும் சேர்ந்து போனவர் அரசாங்கத்தின் கண்ணில் ஊனமே இல்லாதவர். மனம் தளர வேண்டாம். காது இன்னும் கொஞ்சம் மந்தமாகி 26-ஐத் தொட்டால் கூட்டுத்தொகை 40.2. வீட்டுக்குப் போய் ஸ்பீக்கர் பக்கத்தில் படுத்துக்கொள்ளுங்கள், அடுத்த வருஷம் பார்க்கலாம்.

இந்தத் தொண்ணூறு எந்த ஆற்றில் மிதந்து வந்தது என்று நான் கேட்கப் போவதில்லை. ஒன்று மட்டும் வீட்டில் உட்கார்ந்து போட்டுப் பார்த்தேன். நூறு சதவீதம் பார்வை இல்லாதவருக்குக் காதிலும் 50 சதவீதம் குறை வந்தால், சூத்திரத்தை எழுத்துப் பிசகாமல் போட விடை 94.4. செவிடானதால் அவருக்குக் கண் கொஞ்சம் தெரிய ஆரம்பித்துவிட்டது. இந்தச் சூத்திரத்தைப் புட்டியில் அடைத்து விற்றால் கண்ணாஸ்பத்திரிகளை மூடிவிடலாம்.

ஒரு கண் முழுதாகப் போய், மற்றது நன்றாக இருந்தால் 30 சதவீதம். கண்ணப்பரை நினைத்துக்கொண்டேன். காளத்தியில் ஒரு கண்ணைத் தோண்டி அப்பிவிட்டு, அடுத்த கண்ணுக்கும் அம்பை வைத்த மனுஷன். அந்த நேரம் பார்த்து இறைவன் குறுக்கே வந்து தடுத்துவிட்டார். அங்கேதான் தப்பு நடந்தது. தடுக்காமல் விட்டிருந்தால் நூறு சதவீதம், நீல அட்டை. இப்போது முப்பதோடு நிற்கிறார், வெள்ளை அட்டை. நாயனார் ஆனால் என்ன, நாற்பது இல்லையென்றால் இல்லைதான்.

அட்டையின் நிறம் விதியிலேயே ஏறியது 2024 அக்டோபரில். அடையாள அட்டை, 40-க்குக் கீழே வெள்ளை, 40-லிருந்து 80-க்குள் மஞ்சள், அதற்கு மேல் நீலம் என்று பிரிந்தது. ரேஷன் கார்டைப் பார்த்துக் கற்றுக்கொண்டிருப்பார்கள் போலிருக்கிறது. அதே திருத்தத்தில் இன்னும் இரண்டு காரியம் நடந்தது. மனு போட்டால் ஒரு மாதத்துக்குள் சான்று தர வேண்டும் என்றிருந்த விதி மூன்று மாதமாக நீண்டது. மனு இரண்டு வருஷம் முடிவில்லாமல் கிடந்தால் அது செயலிழந்ததாகக் கொள்ளப்படும், மனுதாரர் மறுபடி வந்து தட்ட வேண்டும் என்றும் எழுதினார்கள். தூங்கியது அலுவலகம், செத்தது மனு. சீர்திருத்தம் என்ற சொல்லை வேறு எதற்கோ என்று இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

சரி, எங்கள் தெரு தையற்காரர் கதைக்கு வருகிறேன்.

எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் அவர் அண்ணாச்சிதான். நாற்பது வருஷம் சட்டை தைத்தவர். ஐந்து வருஷத்துக்கு முன்னால் வலது கை கட்டைவிரல் மாத்திரை உருட்டுவது போல ஆட ஆரம்பித்தது. நரம்பு டாக்டர் பார்க்கின்சன் என்றார், அதாவது நடுக்குவாதம். முதலில் ஊசியில் நூல் கோர்க்க முடியாமல் போனது. பிறகு கத்தரிக்கோல் கோட்டை விட்டு ஓடியது. பிறகு கையெழுத்து எறும்பு அளவுக்குச் சுருங்கியது. இந்த நோய்க்கு அதுவும் ஒரு குணம். பேங்கில், “கையெழுத்து ஒத்துப்போகல பெரியவரே, பழையபடி போடுங்க” என்றார்கள். பழையபடி போட முடிந்தால் அவர் ஏன் பேங்குக்கு வந்து அறுநூறு ரூபாய் எடுக்கப் போகிறார்? கடையில் உட்கார்ந்து சம்பாதித்திருப்பாரே.

இந்த நோய்க்கு ஒரு மாத்திரை இருக்கிறது. போட்டால் முக்கால் மணி நேரத்தில் கை அடங்கும், கால் நடக்கும், முகத்தில் சிரிப்புக்கூட வரும். இரண்டு மூன்று மணி நேரம் ராஜபோகம். அது இறங்கினால் மனிதர் நாற்காலியோடு நாற்காலியாகிவிடுவார். பல வருஷம் சாப்பிட்டவர்களுக்கு இந்த ஏற்றமும் இறக்கமும் ஒரு நாளைக்கே நாலைந்து தடவை. ஊரில் கரண்ட் வந்து போவது போலத்தான்.

போர்டு நாளன்று அண்ணாச்சியை நான்தான் அழைத்துக்கொண்டு போனேன். எந்த ஆஸ்பத்திரி என்பது முக்கியமில்லை. எல்லா மாவட்டத்திலும் அதே பெஞ்ச், அதே ஓ.பி. சீட்டு வரிசை, அதே ஜெராக்ஸ் கடை, அதே ‘போட்டோ ரெண்டு பத்தாது, நாலு வேணும்’. பஸ் ஏற வேண்டும், படி ஏற வேண்டும், இரண்டு மணி நேரம் உட்கார வேண்டும். அதனால் கிளம்பும்போதே மாத்திரை போட்டுக்கொண்டார். கூப்பிடப் போகிறார்கள் என்றதும் இன்னொன்று. மருந்து போடாமல் அவரால் அந்த அறைக்கு வந்து சேரவே முடியாது.

உள்ளே இருந்த டாக்டரம்மா கெட்டவர் இல்லை. அன்று அறுபது பேரைப் பார்க்க வேண்டியவர், அவ்வளவுதான்.

“நடந்து காட்டுங்க ஐயா.”

நடந்தார்.

“கையை நீட்டுங்க.”

நீட்டினார். லேசாக ஆடியது. மாத்திரை நன்றாக வேலை செய்துகொண்டிருந்தது, பாழாய்ப்போனது.

“சட்டை பட்டனக் கழட்டிப் போடுங்க.”

நாற்பது வருஷம் பட்டன் தைத்த விரல்கள். மேலிருந்து மூன்று பட்டன்களைக் கழற்றி, திருப்பிப் போட்டும் விட்டார். போட்டு முடித்ததும் முகத்தில் ஒரு பெருமை. கடைசி நாள் வரைக்கும் தொழில் மறக்காத கையின் பெருமை. நான் தலையில் அடித்துக்கொள்ளாத குறை.

38 சதவீதம். தற்காலிகச் சான்று. ஐந்து வருஷம் கழித்து மறுபரிசோதனை. இது நாளுக்கு நாள் முற்றுகிற வியாதி, குணமாகிப் போகிற வியாதி இல்லை என்று உலகத்துக்கே தெரியும். ஒருவேளை ஐந்து வருஷத்தில் திருந்திவிடும் என்று எதிர்பார்க்கிறார்களோ என்னவோ.

திரும்பும்போது பஸ்ஸில் அண்ணாச்சி சொன்னது எனக்கு மறக்கவில்லை. “தம்பி, அளவு எடுக்கதுன்னா ஒரு முறை இருக்கு. ஆளு டேப்பைப் பாத்ததும் வயித்த உள்ளே இழுப்பான். நெஞ்ச நிமித்துவான். அந்த அளவுக்குத் தச்சா, வீட்டுக்குப் போயி நாலு இட்லி தின்னதும் பட்டன் தெறிச்சிரும். பேச்சுக் குடுத்து, அவன் மறந்திருக்கப்போ எடுக்கணும். உக்காந்தா எவ்வளவு, சாப்பிட்டா எவ்வளவுன்னு அரை இஞ்சு விட்டுத் தைக்கணும். இவங்க என்ன, நான் மூச்சப் பிடிச்சிட்டு நிக்கப்போ அளவெடுக்காங்களே?”

மருத்துவ வாரியத்தில் எத்தனை துறை வல்லுநர்கள் உட்காரலாம் என்று விதியில் இருக்கிறது. ஒரு தையற்காரரையும் சேர்த்துக்கொள்ளலாம் என்பது என் பணிவான யோசனை.

ஏனென்றால் நீண்டகால நோய்கள் பலவற்றிலும் இந்தக் கதைதான். வருகிறது, போகிறது, மறைந்து கிடக்கிறது. ஹீமோபீலியா உள்ள பையனுக்கு மூட்டுக்குள் ரத்தம் கசிந்தால் முழங்கால் பலாக்காய் மாதிரி வீங்கி ஒரு வாரம் படுத்துக் கிடப்பான். போர்டு அவனைக் கூப்பிடுவது வீக்கம் வடிந்த பிறகு. மல்டிபிள் ஸ்க்ளிரோசிஸ் உள்ள பெண்ணுக்கு வெயில் ஏறினால் கால் சொன்னபடி கேட்காது. ஏ.சி. அறையில் நன்றாகத்தான் நடப்பாள். வர முடிந்தவனுக்கு ‘வந்துட்டாரே, அப்ப நல்லாத்தான இருக்கார்’. வர முடியாதவனுக்கு ‘வரல, நாங்க என்ன பண்றது’. இந்த இரண்டு வாக்கியங்களுக்கு நடுவில்தான் நாட்டின் மதிப்பீட்டு முறை மொத்தமும் கட்டில் போட்டுப் படுத்திருக்கிறது.

2016 சட்டம் வந்தபோது எல்லோரும் கைதட்டினோம், நானும் தட்டினேன். 1995 சட்டத்தில் ஏழு வகையாக இருந்த குறைபாடு இருபத்தொன்றாகப் பெருகியது. தலசீமியா, ஹீமோபீலியா, அரிவாள் செல் ரத்தசோகை, பார்க்கின்சன் எல்லாம் பட்டியலுக்குள் வந்தன. பிறகு பிரிவு 32-ஐயும் பிரிவு 34-ஐயும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தேன். முதலாவது உயர்கல்விக்கு, 40 சதவீதம் உள்ள எல்லோருக்கும் இடஒதுக்கீடு உண்டு. இரண்டாவது அரசு வேலைக்கு. அங்கே பார்வை, காது, கை கால், அறிவுசார் குறை, மனநோய் என்று வரிசை போகிறது. ரத்த நோய்க்காரரும் பார்க்கின்சன்காரரும் அந்த வரிசையில் தனித்து இல்லை. ஹீமோபீலியா பையன் ஒதுக்கீட்டில் கல்லூரி சேரலாம், பட்டம் வாங்கலாம், பட்டமளிப்பு விழாவில் போட்டோ எடுத்துக்கொள்ளலாம். வேலைக்கு என்று வந்து நின்றால் அவன் திடீரென்று சொஸ்தமாகிவிடுகிறான். கல்லூரிப் படிப்புக்கு இப்படி ஒரு மருத்துவ குணம் இருப்பது கல்லூரிகளுக்கே தெரியாது.

சிறுநீரகம் செயலிழந்தவர் இந்த இருபத்தொன்றில் எங்குமே இல்லை. வாரம் மூன்று நாள், நாளுக்கு நான்கு மணி நேரம் எந்திரத்தோடு கட்டிப்போட்டிருக்கிறார்கள். எந்த முதலாளி அவருக்கு வேலை கொடுப்பார்? ஆனால் கை இருக்கிறது, கால் இருக்கிறது, கண் தெரிகிறது. அவருக்குப் பூஜ்யம் சதவீதம்.

பணத்துக்கு வருவோம். 40 வாங்கியவருக்குச் சட்டம் மரியாதை தரும். மத்திய அரசின் இந்திரா காந்தி தேசிய மாற்றுத்திறனாளி ஓய்வூதியமோ 80 வாங்கியவருக்குத்தான், அதுவும் வறுமைக்கோட்டுக்குக் கீழே இருந்தால். தொகை மாதம் 300 ரூபாய். 2012-இல் இருநூறிலிருந்து முந்நூறானது, அதோடு சரி. நாளைக்குப் பத்து ரூபாய். எங்கள் முக்கு டீக்கடையில் பத்து ரூபாய்க்கு டீ இல்லை. பத்து ரூபாயைக் கொடுத்துவிட்டு நின்றால், கிளாஸ் கழுவுகிற தண்ணீரை வேண்டுமானால் தருவார்கள்.

இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. அதே 2016 சட்டத்தின் 24-ஆவது பிரிவு, மற்றவர்களுக்கான இதே மாதிரித் திட்டங்களைவிடக் குறைந்தது 25 சதவீதம் கூடுதலாக மாற்றுத்திறனாளிக்குத் தர வேண்டும் என்கிறது. மத்திய அரசின் விதவை ஓய்வூதியம் 300. அப்படியானால் மாற்றுத்திறனாளிக்கு 375 வர வேண்டுமே? வருவது 300. தையற்காரரின் 38-க்கும் 40-க்கும் இடையில் இருந்த இரண்டு சதவீதத்தைக் கண்கொத்திப் பாம்பாய்ப் பிடித்த அரசுக்கு, தன் கணக்கில் விடுபட்ட இருபத்தைந்து கண்ணில் படவில்லை. அதற்குப் பார்வைக் குறைபாடு எத்தனை என்று போர்டு சொல்லட்டும்.

தமிழ்நாடு அந்த அளவுக்கு மோசமில்லை, சொல்லிவிடுகிறேன். 2023 ஜனவரியில் ஆயிரம் ரூபாய் 1500 ஆனது. அதே வருஷம் முதியோர் ஓய்வூதியம் 1200 ஆனது. 1200-க்கு 25 சதவீதம் கூட்டினால் எவ்வளவு? 1500. ஒரு ரூபாய் கூடுதலும் இல்லை, குறைவும் இல்லை. சட்டத்தை இத்தனை துல்லியமாக அளந்து மதித்ததை நான் பார்த்ததில்லை. இங்கே பேச்சுக்கும் குறைவில்லை. ‘ஊனமுற்றோர்’ போய் ‘மாற்றுத்திறனாளி’ வந்தது 2010-இல், கலைஞர் ஆட்சியில். நல்ல சொல்தான், வேண்டிய சொல்லும்தான். சொல்லுக்குக் கால் முளைத்தது. தாலுகா ஆபீஸ் படிக்குச் சாய்தளம் முளைக்கவில்லை.

எதற்கு இத்தனை கெடுபிடி என்று கேட்டால் ஒரே பதில்தான், போலிகள். போலிச் சான்று இல்லையா? இருக்கிறது. அதை வாங்கத் தெரிந்தவன் என்றைக்காவது அந்த பெஞ்சில் காலை ஆறு மணிக்கு வந்து உட்கார்ந்து பார்த்திருக்கிறீர்களா? அவனுக்குச் சான்று வீட்டுக்கு வரும். அவனைப் பிடிப்பதற்காக விரித்த வலையில் அகப்படுவதெல்லாம் இடுப்பு வலியோடு பஸ்ஸில் வந்த கிழவிகள்தான். எலிக்கு வைத்த பொறியில் வீட்டுக்காரன் கால் மாட்டிக்கொண்டால், எலியும் சேர்ந்துதான் சிரிக்கும்.

பக்கத்து ஆந்திராவைப் பாருங்கள். 2024-இல் மாற்றுத்திறனாளி ஓய்வூதியத்தை மூவாயிரத்திலிருந்து ஆறாயிரமாக்கினார்கள். டயாலிசிஸ் செய்பவருக்குப் பத்தாயிரம். நான் மனதாரப் பாராட்டினேன். அடுத்த வருஷமே எல்லோரையும் வரிசையில் நிறுத்தி மறுபரிசோதனை. பல வருஷமாக 40-க்கு மேலே இருந்தவர்கள் 40-க்குக் கீழே இறங்கிவிட்டார்கள் என்று வீடுவீடாக நோட்டீஸ் போனது. ஆறாயிரம் ரூபாய்க்கு ஊனத்தைக் குணப்படுத்தும் சக்தி இருக்கிறது போலும்.

நாம் மட்டும்தான் இப்படியா என்றால் இல்லை. பிரிட்டனில் சதவீதம் கிடையாது, புள்ளி. 2013-இல் புதிய உதவித்தொகை வந்தபோது, ஐம்பது மீட்டர் நடக்க முடியாதவர் என்றிருந்த அளவுகோலை இருபது மீட்டராகச் சுருக்கினார்கள். இடுப்புக்குக் கீழே கழுவ இன்னொருவர் துணை வேண்டுமென்றால் 2 புள்ளி. எட்டுப் புள்ளி சேர்த்தால் பணம். 2025-இல் இந்த இரண்டு இரண்டாகச் சேர்க்கிற வேலையெல்லாம் செல்லாது, ஏதாவது ஒரு காரியத்தில் ஒரே மூச்சில் 4 புள்ளி எடுத்தாக வேண்டும் என்று ஒரு சீர்திருத்தத்தைக் கொண்டுவந்தார்கள். தானாகக் குளிக்க முடியாது, உடுத்த முடியாது, சமைக்க முடியாது, கக்கூஸ் போக முடியாது என்றால் என்ன, எல்லாமே கொஞ்சம் கொஞ்சம்தானே முடியவில்லை! சொந்தக் கட்சி எம்.பி.க்களே எகிறியதால் ஜூலையில் அந்த ஷரத்தைக் கைவிட்டார்கள். அங்கே மறுக்கப்பட்டு ட்ரிப்யூனல் வரை போனவர்களில் பாதிக்கு மேல் ஜெயித்துத் திரும்புகிறார்கள். முதலில் அளந்தவர் தப்பாக அளந்தார் என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம்.

2007-இல் இந்தியா ஏற்றுக்கொண்ட ஐ.நா. உடன்படிக்கை ஒரு விஷயத்தைத் தெளிவாகச் சொல்கிறது. குறைபாடு என்பது உடம்பில் மட்டும் இல்லை, உடம்பும் அதன் எதிரே நிற்கிற தடையும் சேர்ந்துதான். கையெழுத்துப் போட்டோம். ஆனால் அளப்பது முழுக்க முழங்காலைத்தான். படிக்கட்டை ஒருவரும் அளப்பதில்லை. ஆகவே நான் அளந்தேன். போர்டு நடந்த கட்டடத்துக்குச் சாய்தளம் இல்லை, 40 சதவீதம் போட்டேன். லிப்ட்டில் ‘பழுது’ என்று எழுதிய தாள் மஞ்சளாகிப்போயிருந்தது, 30. சக்கர நாற்காலிக்காரருக்கான கழிப்பறைக்குப் பூட்டு, சாவி யாரிடம் என்று யாருக்கும் தெரியவில்லை, இன்னொரு 30. நியாயம் நியாயம்தான், அரசின் சூத்திரத்தையே பயன்படுத்தினேன். 40-ம் 30-ம் சேர்ந்து 56.67. அதோடு இன்னொரு 30 சேர்ந்தால் 67.78. கட்டடத்துக்கு மஞ்சள் அட்டை கிடைக்கும். 80 எட்டாததால் மாதம் 300 ரூபாய்க்குத் தகுதி இல்லை. அரசாங்கம் தன்னைத்தானே ஏமாற்றிவிடக் கூடாது பாருங்கள்.

அண்ணாச்சி விடுகிற ஆள் இல்லை. திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் மனுநாளில் மனு கொடுத்தார். எட்டு மாதம் கழித்து மறு போர்டுக்குத் தேதி வந்தது. இந்தத் தடவை பெஞ்சில் பக்கத்தில் இருந்தவர் ஒரு வழி சொன்னார். அனுபவஸ்தர், மூன்றாம் தடவையாக வந்திருப்பவர். “மாத்திரையப் போடாதீங்க அண்ணாச்சி. அப்படியே ஆடிக்கிட்டுப் போங்க, அப்பதான் தெரியும்.” உடம்பு சரியில்லை என்று நிரூபிக்க உடம்பைக் கெடுத்துக்கொள்ளச் சொல்லும் வைத்தியம். நான் வேண்டாம் என்றேன். கேட்கவில்லை. மதிய மாத்திரையை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். அவரே தைத்த சட்டை.

ஒரு மணிக்குள் கை மேளம் அடிக்க ஆரம்பித்தது. இரண்டு மணிக்குப் பெயர் வந்தது. எழுப்பி நிறுத்தினேன். ஒவ்வோர் அடியாகத் தேய்த்துக்கொண்டு வந்தவருக்கு, கதவுக்கு நாலடி முன்னால் கால் தரையோடு உறைந்துபோனது. வாசலைக் கண்டால் கால் நின்றுவிடுவது இந்த நோயில் சகஜம். வெட்டவெளியில் நடக்கிற ஆளுக்கு ஒரு நிலைப்படி மலையாகிவிடும். “வாங்க அண்ணாச்சி” என்று இழுத்தேன். மேல் உடம்பு வந்தது, கால் வரவில்லை. சத்தமாக ‘வந்துட்டேன்’ என்று சொல்ல வாயெடுத்தார், குரலும் மருந்து இல்லாமல் காற்றாகத்தான் வந்தது. நான் கத்தியது, அடுத்த கவுண்டரில் ஜெராக்ஸுக்காக நடந்த சண்டையில் கரைந்தது.

உள்ளேயிருந்து மூன்று தடவை கூப்பிட்டார்கள். பிறகு பதிவேட்டைத் திறந்து ‘ஆஜராகவில்லை’ என்று எழுதிவிட்டு, அடுத்த பெயரைக் கூப்பிட்டார்கள்.